ஆட விடுகிறான் என்றால் நீ தோற்கிறாய்

"இது சூதாட்டம் இல்லண்ணா, கணக்கு." விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கால்பந்து பெட்டிங்கில் இறங்கியிருக்கும் தம்பிகளிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இந்த வாக்கியம்தான். சூது குடியைக் கெடுக்கும் என்ற நீதிபோதனையெல்லாம் இவர்களிடம் எடுபடாது. ஏனென்றால் அவர்கள் சொல்லும் கணக்கு சரியான கணக்கு. அதனால் அந்தக் கணக்குக்குள்ளேயே போய்த்தான் நான் சண்டை போடப் போகிறேன்.

ஒரு மேட்சுக்கு, சொந்த மைதான அணி ஜெயித்தால் 2.00, டிரா என்றால் 3.40, எதிரணி ஜெயித்தால் 3.60 என்று ஒருவன் ரேட் வைக்கிறான். ஒன்றை ஒவ்வொரு ரேட்டாலும் வகுத்துப் பாருங்கள். 50, 29.4, 27.8 சதவீதம் வரும். கூட்டினால் 107.2. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 7.2தான் கடைக்காரனின் பங்கு. ஆட்டம் தொடங்கும் முன்பே அதை எடுத்து வைத்துக்கொள்கிறான்.

இப்போது தம்பி தன் கணக்கைப் போடுகிறான். இரண்டு அணிகளும் சராசரியாக எத்தனை கோல் போடுகின்றன, எத்தனை வாங்குகின்றன என்று எடுத்து, பாய்சான் சூத்திரத்தில் போட்டு, ஒவ்வொரு ஸ்கோருக்கும் வாய்ப்பைக் கண்டுபிடிக்கிறான். 1982இல் மாஹெரும், 1997இல் டிக்சனும் கோல்ஸும் ஆய்விதழில் எழுதிய முறையின் பேரப்பிள்ளை இது. சொந்த மைதான அணிக்கு அவன் கணக்கில் 55 சதவீதம் வருகிறது என்றால், 0.55 பெருக்கல் 2.00, அதாவது 1.10. ரூபாய்க்குப் பத்து பைசா லாபம். இதற்குப் பெயர்தான் வேல்யூ.

இப்படி ஜெயித்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். பிரைட்டன் கிளப்பின் முதலாளி டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்டின் மேத்யூ பென்ஹாம் இருவரும் இந்தக் கணக்கில் சம்பாதித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பின்னால் சம்பளத்துக்கு ஆள் வைத்த முழு கம்பெனியே உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. நம்ம தம்பியிடம் இருப்பது ஒரு எக்செல் ஷீட், ஒரு டெலிகிராம் குரூப்.

சரி, தம்பி உண்மையிலேயே கெட்டிக்காரன், ரூபாய்க்கு ஐந்து பைசா சாதகம் அவன் பக்கம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2.00 ரேட்டில் நூறு ரூபாய் வீதம் 100 மேட்சுக்குக் கட்டுகிறான். எதிர்பார்க்கும் லாபம் 500 ரூபாய். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே ஏறக்குறைய 1000 ரூபாய். கணக்கு சரியாக இருந்தும் நூறு மேட்சின் முடிவில் அவன் நஷ்டத்தில் நிற்க கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. வந்த லாபம் திறமையாலா அதிர்ஷ்டத்தாலா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லவே சுமார் 1600 மேட்ச் வேண்டும். வாரத்துக்கு ஐந்து என்றால் ஆறு வருஷம். அதுவரைக்கும் கையில் காசு எங்கிருந்து வரும்? வட்டிக்கடையிலிருந்தா?

இதையும் தாண்டி ஜெயித்தால் என்ன ஆகும்? 2017இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. கௌனிட்ஸ் உட்பட மூன்று ஆய்வாளர்கள், பல கடைகளின் ரேட்டைச் சராசரி எடுத்து, எந்தக் கடை தவறிப்போய் அதிகம் தருகிறதோ அங்கே மட்டும் கட்டினார்கள். காகிதத்தில் ஜெயித்தார்கள். நிஜப் பணத்திலும் ஜெயித்தார்கள். சில மாதங்களிலேயே கடைக்காரர்கள் அவர்கள் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

தம்பி, என் வாதமே இந்த இடம்தான். உன் கணக்கு தப்பாக இருந்தால் பணம் போகும். சரியாக இருந்தால் கதவைச் சாத்துவான். அவன் உன்னை மூன்றாவது வருஷமும் போனஸ் கொடுத்து ஆட விடுகிறான் என்றால், உன் எக்செல் ஷீட்டைப் பற்றி அவன் கணக்கு என்ன சொல்கிறது என்று யோசி. இது பரீட்சை இல்லை. பாஸானவனை வெளியே அனுப்பிவிட்டு, ஃபெயிலானவனிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஃபீஸ் வாங்கும் இடம்.

"லாட்டரி வாங்குறவன் முட்டாள், நாங்க அனலிஸ்ட்" என்று சொல்கிறவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். 2019 டிசம்பரில் இதே விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று பெண் குழந்தைகள், ஐந்து பேரும் ஒரே நாளில் செத்துப்போனார்கள். மூணு நம்பர் லாட்டரியில் பணம் போய்க் கடனாகிவிட்டது. அந்த லாட்டரி ஆடுகிறவர்களும் நேற்று வந்த நம்பர், போன வாரம் வந்த நம்பர் என்று கணக்குத்தான் போடுகிறார்கள். ஆயிரத்தில் ஒன்று வாய்ப்புள்ள எண்ணுக்கு ஆயிரம் மடங்கு தரும் கடை உலகத்தில் கிடையாது. அவர்கள் கணக்கு தப்பு, உன் கணக்கு சரி. சரி தம்பி, பணம் போகும் திசை மாறிவிட்டதா?

திறமை என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், அது திறமை விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் அதையே சொன்னது. நீதிமன்றம் கேட்டது ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்று. யாருடைய திறமை, அது யாருக்குக் காசாகிறது என்பதுதான் என் கேள்வி.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை போட்டது. நான் கை தட்டவில்லை. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003லேயே தடை வந்துவிட்டது. அந்த ஐந்து பேர் செத்தது தடைக்குப் பதினாறு வருஷம் கழித்து. சட்டம் கடையை மூடினால் புரோக்கர் தெருவுக்கு வருவான், ஆப்பை மூடினால் வேறு லிங்க் வரும்.

எனக்கு வேண்டியது வேறு. மேலே போட்ட அந்த 107.2 கணக்கைப் பிளஸ் ஒன் வகுப்பில், நிகழ்தகவு பாடத்தில், பகடையையும் சீட்டுக்கட்டையும் தள்ளிவைத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தம்பிகளே, உங்கள் மூளையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாய்சானை யூட்யூப்பில் பார்த்துப் படித்தவனுக்கு வேறு வேலை கிடைக்காத ஊர் இது, அது தனிக் கட்டுரை. கணக்கைப் போடுங்கள். ஒவ்வொரு மேட்சுக்கும் உங்கள் ரேட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பைசா கட்டாமல் 1600 மேட்ச் எழுதுங்கள். அத்தனையும் எழுதி முடித்து அப்போதும் லாபம் காட்டினால், அந்த நோட்டைக் காட்டி எங்காவது வேலை கேளுங்கள். பெட்டிங் கடையில் மட்டும் அதைக் காட்டாதீர்கள். அங்கே அந்த நோட்டுக்கு மரியாதை கிடையாது.