முகப்பருவுக்கான ரெட்டினாய்டு பூச்சும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும்

முகப்பருவுக்குத் தோல் மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது பெரும்பாலும் அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு பூச்சு மருந்தையே. போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளையோர், விடுதித் தோழியரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு வாங்கும் களிம்பு அதுதானா என்பதைச் சரிபார்ப்பது அவசியம்.

'டிரெட்டினாயின்' என்ற பெயர் உறையில் இருப்பது மட்டும் போதாது. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் ஆகிய மூன்றும் கலந்த களிம்பு, மங்குக்குக் குறுகிய காலம் மட்டும் தரப்படுவது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. சில நாள்களில் சிவப்பு தணிந்து முகம் வெளுப்பதால் பலர் அதைச் சிவப்பழகுக் களிம்பாகவே பூசி வருகின்றனர். மாதங்கள் செல்ல, தோல் மெலிந்து, புதிய பருக்களும் முடியும் தோன்றுகின்றன. நிறுத்தினாலோ முகம் எரிகிறது. இந்தியாவின் 12 மையங்களில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தோல் பாதிப்புடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசி வந்தனர். நிறம் கூட்டுவதும் பருவைப் போக்குவதும் அவர்கள் கூறிய முதன்மைக் காரணங்கள்.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது. ஆனால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறும் களிம்பைச் சட்டம் தடுக்க இயலாது.

ரெட்டினாய்டு மெதுவாகவே செயற்படும். மயிர்க்கால் துளைகளில் இறந்த செல்கள் அடைத்துக்கொள்வதை அது தடுக்கிறது. முதல் சில வாரங்களில் தோல் உரிதலும் எரிச்சலும், சிலருக்குப் பரு கூடுவதும் உண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். விரைவில் 'பலன்' தரும் ஸ்டீராய்டு அப்போதுதான் கவர்ச்சியாகத் தோன்றுகிறது.

இரவில், நன்கு உலர்ந்த முகத்தில், பட்டாணி அளவு மருந்தை முகம் முழுவதும் மெலிதாகப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் வைத்தல் தவறு. தொடக்கத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். நம் மாநிறத் தோலில் எரிச்சல் கரும்புள்ளியாக நிலைத்துவிடும் என்பதால் அவசரம் வேண்டாம். பகலில் சன்ஸ்கிரீன் தேவை. கருவுற்றோரும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இதைத் தவிர்த்து, மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்க வேண்டும்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசி வருவோர் தாமாகத் திடீரென நிறுத்த வேண்டாம். பயன்படுத்திய களிம்பின் உறையுடன் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ தோல் மருத்துவரைக் காண்க.