கணக்கு சொல்லிக்கொடுத்தால் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்க் கிளை நூலகத் தாழ்வார விவகாரத்தை, ‘அனுமதியின்றி டியூஷன்: அதிகாரி எச்சரிக்கை’ என்று சென்ற வாரம் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். அங்கே மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த அந்த டியூஷன்காரர்களில் நானும் ஒருவன். மற்ற இருவர் கல்லூரியில் படிக்கும் பெண்கள். மூவரும் எந்தப் பிள்ளையிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. நீங்கள் அதை எழுதாமல் விட்டதுகூடப் பரவாயில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி பேசிய பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 402லிருந்து 158ஐக் கழித்து 356 என்று எழுதி வைத்திருந்தான். 8க்கும் 2க்கும் 6, 5க்கும் 0க்கும் 5, 4க்கும் 1க்கும் 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று எப்போதோ யாரோ சொன்னதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒழுங்காகச் செய்திருக்கிறான், பாவம். இது மக்குத்தனமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ‘எப்படிப் போட்டாய்?’ என்று கேட்க ஆள் இல்லாத குறை. காகிதத்தைக் கிழித்து நூறு, பத்து, ஒன்று என்று நோட்டு செய்து, ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். “அப்போ நடுவுல ஒன்பதா தாத்தா?” என்று அவன் நிமிர்ந்த நேரத்தில்தான் அதிகாரி வந்து நின்றார். “இங்க என்ன கடை போட்டிருக்கீங்க?” என்றவர், அந்தக் காகித நோட்டுகளைச் செருப்புக் காலால் ஒதுக்கினார். பையன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போனவன், பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

அதோடு விட்டாரா? “செல்போன்ல போட்டோ எடுத்தா விடை வந்துடுது சார், எதுக்கு இந்தக் கூட்டம்?” என்று ஒரு யோசனையும் சொன்னார். விடை வருகிறது, யார் இல்லை என்றது? 2 எக்ஸ் + 3 = 11 என்ற கணக்குக்கு எக்ஸ் 4 என்று படிப்படியாகப் போட்டுக் கொடுக்கிறது. அதைப் பார்த்து எழுதிவந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் 3 ஏன் அந்தப் பக்கம் போய்க் கழித்தலானது என்று கேட்டால், “பக்கம் மாறினா குறி மாறும்” என்று மந்திரம் சொல்கிறாள். இரண்டு பக்கத்திலும் மூன்றைக் கழிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. போனை வாங்கி வைத்துவிட்டுப் போடச் சொன்னால் இரண்டையும் மூன்றையும் கூட்டி 5 எக்ஸ் என்று எழுதுகிறாள். பரீட்சை ஹாலுக்குள் அதிகாரி தன் போனைக் கொடுத்து அனுப்புவாரா?

அதிகாரி அடுக்கிய காரணங்களைக் கேளுங்கள். வாசகர்களுக்கு இடைஞ்சலாம். நாங்கள் உட்கார்ந்தது வெளித் தாழ்வாரத்தில். உள்ளே தினத்தாளை வைத்துக்கொண்டு அரசியல் பேசுகிறவர்களின் சத்தம் எங்களுக்குத்தான் இடைஞ்சல். கல்வி உரிமைச் சட்டத்தில் டியூஷனுக்குத் தடை இருக்கிறதாம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தடுப்பது, பணியிலிருக்கும் ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதை. ஓய்வுபெற்ற குமாஸ்தா இலவசமாகக் கழித்தல் சொல்லித்தருவதை அல்ல. பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டுமாம். ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தாய் எப்போது பார்ப்பது?

கொரோனா விடுமுறையில் பிள்ளைகள் பாடத்தை மறந்தபோது, 2021இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைக் கூவிக் கூவி அழைத்தது. பிளஸ் டூ படித்தவர்களும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம் என்றது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்தது. இங்கே ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் வந்தவர்களை விரட்டுகிறார்கள். ஒருவேளை சம்பளப் பட்டியலில் இல்லாதவன் செய்வது கல்வி ஆகாதோ என்னவோ!

நூலகம் யாருடைய காசில் நடக்கிறது என்பதும் அதிகாரிக்கு நினைவிருக்க வேண்டும். நாட்டுக்கே முன்னோடியாக 1948இல் வந்த நம் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாங்கள்தான் கட்டுகிறோம். டிசம்பர் 22 வந்தால் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு, கணித தினம் என்று போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் அந்தத் தாழ்வாரம் வேண்டும். அன்றைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. மைக் வைத்துப் பேசினாலும் வாசகர்களுக்கு இடைஞ்சல் இல்லை.

இப்போது ‘வீட்டுப்பாடம் செய்ய, சொல்லித்தர அனுமதி இல்லை’ என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்தும் இல்லை, ஆணை எண்ணும் இல்லை. எந்த விதிப்படி இந்தத் தடை என்பதை மாவட்ட நூலக ஆணைக்குழு எழுத்தில் தரட்டும். அப்படி ஒரு விதி இல்லையென்றால், அந்தத் தாளை எடுத்துவிட்டு மாலை நேரத்தில் தாழ்வாரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட உத்தரவிடட்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குமாஸ்தா,
திருவாரூர் மாவட்டம்