கடை நல்ல கடைதான், ஆனா அதுக்கு நாம ஏன் சொம்பு தூக்கணும்?

1/ நேத்து ஈவ்னிங் டியூட்டி முடிச்சுட்டு வந்து ஒரே ஒரு கமெண்ட் போட்டேன். "ஸ்டீம் எடுக்கிற 30% கமிஷன் ரொம்ப அதிகம்." அவ்வளவுதான். காலையில் எழுந்து பார்த்தா, "டாக்டர், ஊசி போடுற வேலையை மட்டும் பாருங்க"ல ஆரம்பிச்சு, "எபிக்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" வரைக்கும் வந்திருக்கு. சரி, உட்கார்ந்து பேசிடுவோம். இழை கொஞ்சம் நீளம்.

2/ கேம் விளையாடாதவர்களுக்கு: ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம்களை ஆன்லைனில் விற்கும் கடை. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003ல் ஆரம்பித்தது. 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் அதில் லாகின் ஆகியிருந்தார்கள். எபிக் என்பது 2018 டிசம்பரில் வந்த போட்டிக் கடை. வந்தபோதே "எங்களுக்கு 12% போதும்" என்று அறிவித்தது.

3/ அந்த 30%லயும் ஒரு விஷயம் இருக்கு. ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் 25%. 5 கோடி டாலரைத் தாண்டினால் 20%. அதாவது பெரிய கம்பெனிக்குத் தள்ளுபடி, ரெண்டு பேர் சேர்ந்து வீட்டில் உட்கார்ந்து கேம் செய்தால் முழு ரேட்.

4/ முட்டுக் கொடுக்க வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிடறேன். ஸ்டீம் நல்ல கடை. நானும் பல வருஷக் கஸ்டமர். எபிக் கடையில் ஷாப்பிங் கார்ட் வரவே 3 வருஷம் ஆச்சு. அதே எபிக், குழந்தைகளின் தனியுரிமை, ஏமாற்றிப் பணம் எடுத்தது ஆகிய புகார்களில் 2022ல் அமெரிக்க அரசிடம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. எபிக் ஒண்ணும் புத்தர் இல்லை. ஆக, இது விளம்பரப் பதிவு அல்ல.

5/ "ஸ்டீம்ல ரீஃபண்ட் கிடைக்குது, இதைவிட என்ன வேணும்?" இதுதான் அதிகம் வந்த கமெண்ட். தம்பி, அந்த ரீஃபண்ட் எப்படி வந்துச்சு தெரியுமா? போட்டியாளர் ஈஏ தன் ஒரிஜின் கடையில் 2013லேயே ரீஃபண்ட் கொடுக்க ஆரம்பித்தது. 2014ல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது வழக்குப் போட்டது. ஸ்டீமில் இன்று இருக்கும் "14 நாள், 2 மணி நேரம்" விதி வந்தது 2015 ஜூனில். 2016ல் அந்த ஊர்க் கோர்ட் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் போட்டது.

6/ ஒரு பக்கம் போட்டி, இன்னொரு பக்கம் சட்டம். ரெண்டும் நெருக்கிய பிறகுதான் விதி மாறியது. இன்னைக்கு நீங்க கும்பிடுற வசதி, அன்னைக்கு யாரோ கேள்வி கேட்டதால வந்தது.

7/ அடுத்த வாதம்: "மத்த கடை பிடிக்கலை, அதான் எல்லாரும் ஸ்டீம்ல இருக்காங்க." பாதி உண்மை. மீதியை என் தொழிலில் இருந்து சொல்றேன். ஒரு சர்க்கரை நோயாளி 15 வருஷமா ஒரே ஆஸ்பத்திரிக்குப் போறார். அவரோட மொத்த ஃபைலும் அங்கேதான். பக்கத்துத் தெருவில் ஃபீஸ் குறைவா இன்னொரு டாக்டர் வந்தாலும் போக மாட்டார். கேட்டா "என் ரிப்போர்ட் எல்லாம் அங்க இருக்கே டாக்டர்"ம்பார். அதுக்குப் பேர் விசுவாசம் இல்லை, மாட்டிக்கிட்டது.

8/ ஆனா அந்த நோயாளிக்கு ஒரு உரிமை இருக்கு. ஃபைல் நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். 2002ல் இருந்து இது மருத்துவ கவுன்சில் விதி. உங்க 300 கேமையும் நண்பர்கள் பட்டியலையும் எடுத்துக்கிட்டு வேற கடைக்குப் போக உங்களுக்கு அப்படி ஒரு உரிமை இருக்கா? இல்லை.

9/ "என் 300 கேம்"னு சொல்றோமே, அது நம்முடையதும் இல்லை. கலிஃபோர்னியா 2024ல் ஒரு சட்டம் போட்டது: விற்பது பொருளா, வெறும் உரிமமா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் "நீங்கள் வாங்குவது உரிமம்" என்று எழுதியது. அக்கவுண்டை உயிலில் எழுதி வைக்கவும் முடியாது. வாராவாரம் சாவைப் பார்க்கிற தொழில் என்னுடையது. அப்பாவோட வாட்ச் பிள்ளைக்குப் போகும், புத்தக அலமாரி போகும். இது போகாது.

10/ "இது டெக்னிக்கலா முடியாது டாக்டர்" என்பவர்களுக்கு: ஜிஓஜி என்று ஒரு கடை 2008ல் இருந்து இருக்கு. வாங்கின கேமின் இன்ஸ்டாலரை டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம். இணையம் இல்லாமலும் ஓடும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்புற ஆஸ்பத்திரி மாதிரி.

11/ "12%னு சொல்ற எபிக்லயும் விலை அதேதானே?" நல்ல கேள்வி. வேறு கடையில் குறைத்து விற்கக் கூடாது என்று வால்வ் கட்டாயப்படுத்துவதாக, வுல்ஃபயர் என்ற சின்ன கேம் நிறுவனம் 2021ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. வால்வ் மறுக்கிறது. குற்றச்சாட்டுதான், நிரூபணம் அல்ல. ஆனா அது உண்மையா இருந்தா, அந்தக் கமிஷனைக் கட்டுறது நீங்களும்தான்.

12/ இப்ப வலிக்கிற இடத்துக்கு வர்றேன். 2019ல் ஊப்லெட்ஸ் என்ற கேமை ரெண்டே பேர் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். எபிக் கடையில் மட்டும் வெளியிடுகிறோம் என்று கொஞ்சம் கிண்டலாக அறிவித்தார்கள். கிண்டல் தேவையில்லாததுதான். ஒரே கடையில் அடைத்து விற்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனா அதுக்குக் கிடைத்தது ஆயிரக்கணக்கான வசை, கொலை மிரட்டல். எதுக்கு? அவங்க கேமை எந்தக் கடையில விக்கிறதுன்னு அவங்களே முடிவு பண்ணினதுக்கு.

13/ கடைக்காரர் உலகப் பணக்காரர்களில் ஒருவர். அவருக்காக, வாடகை கட்டக் கஷ்டப்படுற ஆளைத் திட்டுறோம். கம்பு சுத்துறதுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

14/ ஸ்டீமை விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்லலை. நானும் விடப் போறதில்லை. வாங்குங்க, விளையாடுங்க. கமிஷன் ஏன் இவ்வளவு, வாங்கினது யாருடையதுன்னு ஒருத்தர் கேட்டா, அவரை அடிக்க ஓடாதீங்க. அவர் கேட்டு ஏதாவது கிடைச்சா, அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

15/ இதுக்கும் திட்டுறவங்க தாராளமா திட்டுங்க. ஆனா மணி பன்னெண்டு ஆகுது. தூங்கி எழுந்து, காலையில சாப்பிட்டுட்டு வந்து திட்டுங்க. பிரஷருக்கு நல்லது.