ஒரே நாளில் ஒன்பது கோயில் வேண்டாம்

"வண்டி எப்படியும் எடுத்தாச்சு, ஒன்பதையும் ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாம்." நவக்கிரகச் சுற்றுலா கிளம்புகிற வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வாடகை ஒன்று, கோயில் ஒன்பது. எவ்வளவு அதிகம் பார்க்கிறோமோ அவ்வளவு லாபம், அவ்வளவு புண்ணியம் என்று ஒரு நம்பிக்கை. பணக் கணக்கிலும் அது தப்பு, பக்திக் கணக்கிலும் தப்பு. உடம்புக்கோ அது கொடுமை.

கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவைக் கும்பிட்டுவிட்டுத் திருநள்ளாற்றுக்கு விரைகிற வேன்கள் திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையாறு தாண்டி எங்கள் கோட்டுச்சேரி வழியாகத்தான் போகின்றன. நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால் எல்லை. டீசல் விலை குறைவு என்பதால் பங்க்கில் நிற்பார்கள். சில வண்டிகள் டீக்கடையில் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை அந்தி நேரம், அப்படி நின்ற வேனின் கதவு திறந்ததும் ஒரு சிறுவன் இறங்கி ஓடிப்போய்ச் சாலையோரம் வாந்தி எடுத்தான். பின்னாலேயே எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு இறங்கினார். மடியில் விபூதி, குங்குமப் பொட்டலங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. "இது எந்த ஊரு தம்பி? கேது ஆயிடுச்சா, இனிமேத்தானா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "ஆயிருக்கும்மா, இனிமே சனீஸ்வரன்தான்" என்றார் அவர். கழிப்பறை எங்கே என்று அந்த அம்மா கேட்டு முடிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. விடியுமுன் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். நடை சாத்துவதற்குள் திருநள்ளாற்றில் இறக்கிவிட வேண்டிய பொறுப்பு அவருக்கு. அந்தத் தூக்கக் கண்ணை நம்பித்தான் குடும்பம் மொத்தமும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். திருநள்ளாறு கிழக்கே கடலுக்கு அருகில். கும்பகோணத்தில் கிளம்பி ஒன்பதையும் சுற்றித் திரும்பினால் இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். மீதமுள்ள நேரத்தில் சாலைக்குப் போனது போக, ஒரு கோயிலுக்கு அரைமணி, முக்கால் மணி கிடைத்தால் பெரிது. வண்டி நிறுத்த, செருப்பு விட, அர்ச்சனைச் சீட்டு வாங்க, வரிசையில் நிற்க எல்லாம் அதற்குள்தான். சந்நிதியில் நிற்பது சில நொடி.

இதற்கா இவ்வளவு தூரம்? சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை வருடம் இருக்கிறது என்று நம்பி வருகிறவர்கள் நாம். அந்த நம்பிக்கைக்கு முறைகளும் உண்டு. குருவுக்கு வியாழன், சனிக்குச் சனிக்கிழமை, திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலபிஷேகம். ஒரே நாளில் ஒன்பது என்று வந்தால் இந்த முறைகளில் பெரும்பாலானவை அடிபட்டுப் போகின்றன. ஒன்பது கிரகங்களையும் ஒரே நாளில் கும்பிட்டே ஆக வேண்டும் என்றால் அதற்குச் சூரியனார்கோயில் ஒன்றே போதும். குலோத்துங்க சோழன் பெயரால் எழுந்த அந்தக் கோயிலில் சூரியனைச் சுற்றி மற்ற எட்டுக் கிரகங்களுக்கும் தனித்தனிச் சந்நிதி இருக்கிறது.

திருநள்ளாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். தேவார மூவரும் பாடிய தலம். சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. மதுரை அனல்வாதத்தில் தீயில் இட்டும் கருகாமல் பச்சையாக நின்றதாகச் சொல்லப்படும் சம்பந்தர் ஏடு, இந்தத் தலத்துப் பதிகம்தான். நளதீர்த்தத்தில் குளித்து, மூலவரையும் அம்பாளையும் வணங்கிச் சனீஸ்வரனிடம் வருவது வழக்கம். அவசர வேனில் வருகிறவர்களில் பலர் நேரே சனீஸ்வரன் வரிசைக்குப் போய், மூலவர் யாரென்றே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே, காலால் மிதிக்க அஞ்சித் தலையால் கயிலை மலை ஏறியதாகச் சொல்லப்படும் காரைக்கால் அம்மையாரின் கோயில். வழியில் தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. இரண்டுக்கும் அவர்கள் நேரம் ஒதுக்குவதில்லை.

2024 பிப்ரவரியில் கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகம் 750 ரூபாய் கட்டணத்தில் வார இறுதி நவக்கிரகப் பேருந்தைத் தொடங்கியது. கார் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அது நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் ஒரே நாளில் ஒன்பது என்றுதான் ஓடுகிறது. அரசே அப்படிச் செய்தால் ஜனங்கள் அதுதான் முறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

"எங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள் லீவு, இன்னொரு தடவை வர முடியுமா என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கிடைப்பது ஒரே நாள் என்பதால்தான் சொல்கிறேன், அதை ஒன்பது துண்டாக நறுக்காதீர்கள். ஜாதகப்படி எந்தக் கிரகத்துக்காகக் கிளம்பினீர்களோ அந்தக் கோயிலை முதலில் வையுங்கள். நேரம் இருந்தால் அக்கம்பக்கத்தில் இன்னொன்று. சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் அருகருகே. திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் அப்படியே. திருநள்ளாறு என்றால் சென்னையிலிருந்து காரைக்காலுக்கு இரவு ரயில் இருக்கிறது. விடிகாலையில் இறங்கி, குளித்து, வெயிலுக்கு முன் சாமி பார்த்துவிடலாம். சனிப்பெயர்ச்சி நாளன்றே வந்து நெரிசலில் சிக்கவும் தேவையில்லை. அதன் பிறகும் வாரக்கணக்கில் பக்தர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

திட்டத்தை வண்டி வாடகையிலிருந்து தொடங்காதீர்கள். உடன் வருகிறவர்களில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அவரால் எத்தனை முறை ஏறி இறங்க முடியும், மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு கோயிலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கு மேல் வராது. பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், பிள்ளைகள் காசு போட்டு அழைத்து வந்திருக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அதனால் கேட்க வேண்டியது நீங்கள்.

போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பேருந்தை நிறுத்த வேண்டாம். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில்களுக்கு ஒரு நாள், சீர்காழிப் பக்கத்துக்கு ஒரு நாள், திருநள்ளாறும் காரைக்காலும் ஒரு நாள் என்று பிரித்து, குறைந்த கட்டணத்தில் விடுங்கள். எது வேண்டுமோ அதில் ஜனங்கள் ஏறிக்கொள்ளட்டும்.