பாமினியில் உறங்கும் பதிவேடுகள்

அரச சேவைகளை டிஜிட்டல் மயப்படுத்துவது பற்றிய அறிவிப்புகள் கொழும்பிலிருந்து அடுத்தடுத்து வந்த வண்ணம் உள்ளன. அரச கட்டணங்களை இணையவழியே செலுத்துவதற்கான கோவ்பே 2025 பெப்ரவரியில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. பிரஜைகள் ஒவ்வொருவருக்கும் தனித்துவமான டிஜிட்டல் அடையாளத்தை வழங்கும் திட்டமும் பேசப்படுகின்றது. இவற்றின் அவசியம் குறித்து இரு கருத்துக்கள் இருக்க முடியாது. ஆயினும், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள அலுவலகங்களில் கணினியின் முன் நாள்தோறும் அமர்ந்திருப்பவர்களின் கவலை இதனிலும் மிகச் சிறியதொன்றைப் பற்றியதாகவே இருக்கின்றது. அது எழுத்துரு பற்றிய கவலையாகும்.

முகாமைத்துவ உதவியாளர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கணினி திருத்துவோர், கடைத்தெருவில் போட்டோப்பிரதியும் தட்டச்சும் செய்து கொடுக்கும் இளைஞர்கள் ஆகியோரிடம் முறைப்பாடுகளுக்குக் குறைவில்லை. வாவியிலிருந்தும் கடலிலிருந்தும் வீசும் உப்புக் காற்று சுற்றுப்பலகைகளை அரிக்கின்றது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்க முடியாத பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கு, 2022இல் ரூபா வீழ்ந்த பின்னர் உயர்ந்த விலைகள் இடம் கொடுப்பதில்லை. ஆனால் இவையனைத்தும் பணம் இருந்தால் தீரக்கூடியவை. பணம் இருந்தும் தீராமல் இருப்பது, ஏறத்தாழ செலவே இல்லாமல் தீர்த்திருக்கக்கூடிய எழுத்துருப் பிரச்சினைதான்.

கணினித் துறையைச் சாராத வாசகர்களுக்காக இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. 1990களில் கணினி எமது அலுவலகங்களுக்கு வந்தபோது அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களே அன்று கைகொடுத்தன. அவற்றுள் இலங்கையில் மிகப் பரவலாக வழங்கியது பாமினி. பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசையமைப்பைத் தழுவியிருந்தமையால் தட்டச்சாளர்களின் விரல்கள் அதனை உடனேயே ஏற்றுக்கொண்டன. அக்காலத்தில் அது ஒரு பெரும் சேவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் பாமினியில் எழுதப்பட்டது கண்ணுக்கு மட்டுமே தமிழ். இயந்திரத்திற்கு அது ஆங்கிலம். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சுச் செய்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அல்லது கைத்தொலைபேசியில் அக்கோப்பைத் திறந்தால் தெரிவதும் அதுவே. மெய்யெழுத்தின் மேல் நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் ஓர் அரைப்புள்ளி. இகரமோ ஒரு காற்புள்ளி. ‘இலங்கை’ என்ற எமது நாட்டின் பெயரே அங்கு ஒரு காற்புள்ளியில்தான் ஆரம்பமாகின்றது!

இது வெறும் வேடிக்கையன்று. பெயர்ப் பட்டியல்களைத் தரவுத்தளமொன்றில் ஏற்றும்போது, புலங்களைப் பிரிப்பதற்குக் காற்புள்ளியையோ அரைப்புள்ளியையோ பயன்படுத்துவது உலக வழமை. பெயர்களில் நிறுத்தற் குறிகள் வரக்கூடாதெனக் கருதி அவற்றை அகற்றிவிடும் மென்பொருள்களும் உண்டு. அத்தகைய மென்பொருளொன்றில் பாமினிப் பட்டியலை இட்டால் என்ன நிகழும்? ‘இஸ்மாயில்’ என்ற பெயர் காற்புள்ளி, மூடும் சதுர அடைப்பு, அரைப்புள்ளி என்று ஆரம்பிக்கின்றது. குறிகள் அகற்றப்பட்டதும் எஞ்சுவது ‘மாயில’. ‘இந்திரன்’ என்ற பெயர் ‘நதிரன’ ஆகிவிடும். ஜ, ஸ, ஷ, ஹ ஆகிய எழுத்துக்கள் நான்குமே குறிகளின் விசைகளில் ஒதுக்கப்பட்டிருப்பதால், முஸ்லிம் பெயர்கள் கூடுதலாகவே சிதைவுறும். புள்ளி வைத்த மெய்யெழுத்தைக் கொண்ட தமிழ்ப் பெயர்களும் ஏராளம். இந்த விடயத்தில் காத்தான்குடிக்கும் கல்லடிக்கும் இடையே வேறுபாடு இல்லை.

அகரவரிசையும் குழம்புகின்றது. இயந்திரம் ஆங்கில வரிசையில் அடுக்குவதால் உதுமாலெப்பை முதலிலும் தம்பிராசா அடுத்தும் அகிலன் அதற்குப் பின்னும் வருவர். நூறு பெயர்கள் கொண்ட பட்டியலில் கண்ணால் தேடிவிடலாம். ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்குமான பட்டியலில் அது முடியாது.

இதன் முழுத் தாக்கத்தையும் உணர, இம்மாவட்டத்தின் பதிவேடுகள் எத்தகையவை என்பதை நினைவுகூர வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் திருச்செந்தூரையும் கல்லாற்றையும் காத்தான்குடிக் கரையையும் தாக்கிய பின்னர் தயாரிக்கப்பட்ட பட்டியல்கள், 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தோரின் விபரங்கள், பின்னர் மீளக்குடியமர்ந்தோரின் விபரங்கள், காணி, வீடமைப்பு, வாழ்வாதார உதவி தொடர்பான கடிதங்கள் எனக் கணினிக்குள் சென்றவை ஏராளம். அவை உருவான காலம் பாமினி கோலோச்சிய காலம். ஒருவர் இன்ன ஆண்டில் இன்ன கிராமத்தில் வசித்தார் என்பதற்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சான்று அத்தகைய கோப்பொன்றின் ஒரு வரியாக இருக்கலாம். அப்பெயரை ஒருங்குறித் தமிழில் தட்டச்சுச் செய்து தேடினால் கணினி ‘இல்லை’ என்கின்றது. கோப்பு உள்ளே இருக்கின்றது, பெயரும் இருக்கின்றது, ஆனாலும் இல்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை பாதையில் ஏறி வாவியைக் கடந்து அலுவலகத்துக்கு வந்த தலைமுறைக்கு, ‘உங்கள் விபரம் கணினியில் இல்லை’ என்ற பதில் புதியதொன்றல்ல. பாலம் வந்த பின்னரும் அந்தப் பதில் மாறவில்லை என்பதுதான் வேதனை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகின்றது. எத்துணைத் திறமையான மென்பொருளானாலும் தன்முன் வைக்கப்பட்ட எழுத்தையே அது வாசிக்கும். அரைப்புள்ளிகளின் குவியலை அதன்முன் வைத்துவிட்டு, மட்டக்களப்பின் காணி வரலாற்றைச் சொல் என்று கேட்பது நியாயமாகாது.

சட்டத்தில் குறையேதும் இல்லை. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தின் வழி அமைந்த அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை, வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழியாகவும் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியாகவும் தமிழைக் குறிப்பிடுகின்றது. தொழில்நுட்பத்திலும் குறையில்லை. ஒருங்குறி நியமத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழை ஏற்றுக்கொண்டது. இலங்கைத் தர நிர்ணயத்தின் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ்க் குறிமுறை நியமம் 2008இல் வெளியானது. அந்த நியமம் ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகை, தட்டச்சுப்பொறியின் வழிவந்த அதே மரபை ஒட்டியது. ஆகவே பாமினியில் பழகிய விரல்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும் என்ற வாதமும் எடுபடாது. பழைய கோப்புகளை மாற்றுவதற்கான கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றி, எமது பத்திரிகைத் துறையில் பலர் நன்றியுடன் நினைவுகூரும் ஒன்று.

அவ்வாறாயின் தடை எங்கே இருக்கின்றது? ஒன்று, பழக்கம். மேலதிகாரி பாமினியில் கடிதமொன்றை அனுப்பினால் கீழுள்ளவர் ஒருங்குறியில் பதிலளிப்பதில்லை. பழைய கடிதத்தைத் திறந்து, பெயரையும் திகதியையும் மாற்றிப் புதிய கடிதம் தயாரிப்பதே அலுவலக நடைமுறை என்பதால், பழைய எழுத்துரு தன்னைத்தானே பெருக்கிக்கொள்கின்றது. மற்றொன்று, அச்சகம். பேஜ்மேக்கர் போன்ற பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழைச் சரிவர ஏற்கவில்லை. திருமண அழைப்பிதழும் திருவிழா அறிவித்தலும் கந்தூரி நோட்டீசும் பாமினியில் அச்சாவதில் எவருக்கும் நட்டமில்லை. காகிதத்தில் ஏறிய பின் அவை மனிதக் கண்களுக்கானவை. பதிவேட்டின் நிலை அவ்வாறன்று. அச்சகத்தின் வசதிக்காக அலுவலகமும், அலுவலகத்தின் வசதிக்காக அச்சகமும் பழையதைக் கைவிடாதிருப்பது தொடர்கின்றது.

மூன்றாவதான தடையே பிரதானமானது என்பது எமது கருத்து. இம்மாற்றத்தை ஒரு வேலையாக எவரும் கணக்கிலெடுப்பதில்லை. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது, குடும்பங்களின் விபரங்களைச் சேகரித்து இணையத்தில் ஏற்றும் சுமை கள உத்தியோகத்தர்கள் மீதே விழுந்தது. முன்னைய நலன்புரிப் பட்டியல்களில் ஏற்கெனவே எழுதப்பட்ட பெயர்களை மீண்டும் தட்டச்சுச் செய்ய வேண்டியேற்படும் உத்தியோகத்தர், அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்? ‘கணினி தெரிந்தவர்’ என்ற பெயரெடுத்த ஒருவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கின்றார். அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினாலும், பணிப்பாளரின் கைத்தொலைபேசியில் படம் திறக்காவிட்டாலும், கோப்பு கொழும்பில் சிதைந்து தெரிந்தாலும் அழைக்கப்படுபவர் அவரே. பதவிப் பெயரிலோ சம்பளத்திலோ இதற்கு இடமில்லை. மாவட்டத்தின் டிஜிட்டல் மயமாக்கம் பெருமளவில் இத்தகையோரின் நன்மனத்தில் தங்கியிருக்கின்றது.

மற்றைய இடங்களில் இது எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும் நோக்கலாம். தமிழ்நாடு அரசு, 1999இல் தான் அறிவித்த டாம், டாப் குறிமுறைகளைக் கைவிட்டு, கோவைச் செம்மொழி மாநாடு நடைபெற்ற 2010இல் ஒருங்குறிக்கு மாறுவதாக அரசாணை பிறப்பித்தது. மியன்மாரின் நிலை எமது நிலையை இன்னும் அதிகமாக ஒத்தது. அங்கு சோஜி என்ற எழுத்துரு பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் குடிகொண்டிருந்தது. அந்நாட்டரசு 2019 ஒக்டோபர் முதலாம் திகதியை மாற்றத்திற்கான நாளாகக் குறித்து, அலுவலகங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் ஊடகங்களையும் ஒருங்குறிக்குத் திருப்பியது. திகதியொன்று குறிக்கப்பட்டமையே அங்கு முக்கியமானது. எமது நியமத்திற்கு வயது உண்டு, இலக்கம் உண்டு, திகதிதான் இல்லை.

ஒருங்குறிக்கு மாறிவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று நாம் கூறவில்லை. பெயர் தொடர்பான வேறொரு சிக்கலும் உண்டு. மேற்குலக வழமையில் உருவாக்கப்பட்ட மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களைக் கேட்கின்றன. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடும்பப்பெயர் என்றொன்று இல்லை. முஹம்மது என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் கடவுச்சீட்டில் மற்றொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். மூன்றும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. தமிழில் எழுதப்பட்ட பெயரே மூலப் பெயர் என்றும் ஆங்கில வடிவம் அதன் பெயர்ப்பு மாத்திரமே என்றும் தரவுத்தளங்கள் ஏற்றுக்கொண்டால் இச்சிக்கலின் பெரும்பகுதி விலகும். அதற்கும் தமிழ்ப் பெயர் முதலில் இயந்திரத்திற்கு விளங்க வேண்டும்.

கைத்தொலைபேசியின் தமிழும் எமது தமிழாக இல்லை என்ற குறை இதனுடன் ஒட்டியது. நாம் ‘தரவிறக்கம்’ என்பதை அது ‘பதிவிறக்கம்’ என்கின்றது. கலைச்சொல்லாக்கத்தில் 1930களிலேயே சென்னை அறிஞர்களுடன் அமர்ந்து பணியாற்றிய விபுலானந்த அடிகளை ஈன்ற மண் இது. இன்று அத்தகைய அவையொன்றில் கிழக்கின் குரல் ஒலிப்பதாகத் தெரியவில்லை. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே மேசையில் அமர்வதற்கு அங்கு வாய்ப்பு உண்டு.

செய்ய வேண்டியது சிக்கலானதன்று. மாவட்டத்தின் பதினான்கு பிரதேச செயலகங்களும் குறித்தவொரு திகதியின் பின் பாமினியில் எழுதப்பட்ட கோப்புகளை ஏற்பதில்லை என்ற சுற்றறிக்கை முதலில் தேவை. பழைய கோப்புகளை மாற்றும் பணியை உரிய வேதனத்துடன் தனியானதொரு பணியாக ஒப்படைக்க வேண்டும். வேலையற்ற பட்டதாரிகள் இம்மாவட்டத்தில் குறைவில்லை. மூலக் கோப்புகளின் பிரதி வேறோர் இடத்தில் பேணப்படுவதும் அவசியம். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணிமையமே தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டதை நாடறியும்.

மாற்றிய பின் ஒவ்வொரு பட்டியலையும் மனிதக் கண் சரிபார்க்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகின்றோம். பாமினிக் கோப்புகளுக்குள் ஆங்கில எழுத்தும் கலந்தே இருக்கும். மாற்றிக்கு இரண்டும் ஒன்றே. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் இறுதியில் நிற்கும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து பாமினியில் ‘ஏ’ ஆகும். ‘எக்ஸ்’ என்பது ‘ஓ’ ஆகும். கவனியாது விட்டால், ஒன்பது இலக்கங்களின் முடிவில் ஏகாரமோ ஓகாரமோ தொங்கிக்கொண்டிருக்கும் அடையாள அட்டை இலக்கங்கள் ஆயிரக்கணக்கில் புதிய தரவுத்தளத்திற்குள் சென்று சேரும்.