பட்டணத்தில் வீடு பார்க்குமுன்

சென்ற மாதம் நம் சரகத்தைச் சேர்ந்த தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகைக் கடன் பேரேட்டைப் பார்வையிட்டோம். கெடு கடந்த இனங்களுக்கு எதிரே காரணத்தைப் பென்சிலால் குறித்து வைக்கும் வழக்கம் அச்சங்கத்தின் செயலாளருக்கு உண்டு, நல்ல வழக்கம். மழை பொய்த்தது, மாடு இறந்தது, மகள் திருமணம் என்று வரிசையாக வந்த காரணங்களுக்கிடையே ஓரிடத்தில் ‘சென்னை வீட்டு அட்வான்ஸ்’ என்று எழுதியிருந்தது. தொகை ரூ. 80,000. ஈடு, ஒரு சங்கிலியும் இரண்டு வளையல்களும்.

அந்த அங்கத்தினரை வரவழைத்து விசாரித்தோம். இரண்டு தறிகளும் ஒன்றரை ஏக்கர் புன்செய்யும் உடையவர். தொழிற்பயிற்சி முடித்த மகனுக்கு 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. வீடு கிடைத்தால் தாயும் உடன் சென்று சில மாதம் சமைத்துப் போடலாம் என்று எண்ணினார்கள். தாம்பரத்திற்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கத்தில் மாத வாடகை ரூ. 8,000க்கு ஒரு கீழ்த்தள வீடு அமைந்தது. சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகை முன்பணம். நகை சங்கத்திற்கு வந்தது. பணம் சென்னைக்குச் சென்றது. அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டிற்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. கட்டில், அரிசி மூட்டை, தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் எல்லாம் வீணாயின. வீட்டைக் காலி செய்தபோது, வெள்ளையடிப்பு, மின்சாரப் பழுது, முன்னறிவிப்பின்மை என்று கழித்துக்கொண்டு வீட்டுக்காரர் திருப்பித் தந்தது ரூ. 35,000. எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவும் இல்லை. அதன் பின் ஆண்டுதோறும் வட்டியைக் கட்டிக் கடனை மாற்றி எழுதி வந்தவர், இம்முறை வட்டிக்கும் வழியின்றி நிற்கிறார்.

“சித்திரையிலே பார்த்தோமுங்க. தரை காய்ஞ்சு கிடந்தது” என்றார்.

இச்சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. இந்த மனிதர் ஒரு காணி நிலம் வாங்குவதாயின் கோடையில் ஒருமுறையும் ஐப்பசி மழையில் ஒருமுறையும் போய்ப் பார்க்காமல் கிரயம் பேசமாட்டார். கிணற்று நீரை வாயில் இட்டுப் பார்ப்பார். சாயத்திற்கு ஆகுமா என்பதையும் சொல்லிவிடுவார். பட்டணம் என்றதும் அந்த அறிவையெல்லாம் ஊரிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார். நம் சங்கங்களின் அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் சென்னைக்குச் செல்கிறார்கள். அவர்கள் எங்கே குடியிருப்பது என்ற கேள்வி அவரவர் சொந்த விஷயம் என்று சங்கங்கள் இருந்துவிடலாகாது என்பது நம் அபிப்பிராயம். அதன் விளைவு நம் பேரேட்டில்தான் வந்து விழுகிறது.

நீரைப் பற்றி முதலில் கூறுவோம். சென்னை பெரிதும் சமதரையான ஊர். ஏரிகளும் தாங்கல்களும் சதுப்பு நிலமும் நிறைந்திருந்த ஊர். தியாகராய நகரே 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கியதுதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்றும் உண்டு, ஏரியைத்தான் காணோம். ஏரி போனாலும் மழைநீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023இல் அதே டிசம்பர் மாதத்தில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் நீரில் நின்றன. இவையெல்லாம் நாளேடுகளில் வந்த செய்திகளே. ஆயினும் வீடு காட்டும் தரகர் இவற்றைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஒரு பகுதி முழுவதையும் ஆகாது என்று தள்ளிவிட நாம் சொல்லவில்லை. ஒரே பேட்டையில் ஒரு தெரு மேடாகவும் அடுத்த தெரு பள்ளமாகவும் இருக்கும். தெருவைத்தான் சோதிக்க வேண்டும். வீட்டு வாசற்படி சாலையைவிட உயர்ந்திருக்கிறதா, அல்லது சாலையை மேன்மேலும் உயர்த்தி வீடு குழியாகிவிட்டதா என்று காணலாம். அண்டை வீடுகளில் மின்சார மீட்டர்ப் பெட்டியை வழக்கத்திற்கு மேல் உயர்த்தி மாட்டியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சுவரில் நீர் நின்ற கறை புது வண்ணத்திற்குள்ளும் பெரும்பாலும் தெரியும். எல்லாவற்றிலும் மேலாக, அத்தெருவில் இஸ்திரி போடுகிறவரையும் பால் போடுகிறவரையும் கேட்க வேண்டும். வீடு வாடகைக்குப் போவதால் அவர்களுக்கு லாபமும் இல்லை, போகாததால் நட்டமும் இல்லை.

மிகுதி நீரைப் போலவே நீரின்மையும் உண்டு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டு போனார்கள். வீட்டில் குழாய் இருக்கிறதா என்று கேட்பது போதாது. குழாயில் எந்த நேரம் வருகிறது, ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பா, லாரித் தண்ணீருக்குப் பணம் யார் கொடுப்பது என்று கேட்க வேண்டும். மாடிக் குடித்தனங்களில் இச்செலவைப் பராமரிப்பு என்ற பெயரில் வாடகைக்கு மேல் தனியே வாங்குகிறார்கள்.

இனி, வாடகைக் கணக்கு. வாடகை ரூ. 8,000 என்றால் குடியிருப்பதற்கான செலவு ரூ. 8,000 என்று நம்மவர் எண்ணுகின்றனர். சங்கக் கணக்கில் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிச் செலவுப் பக்கத்தைக் காலியாக விட்டால் நாம் ஒப்புவதில்லை. இதுவும் அது போன்றதே. மேற்சொன்ன இளைஞரின் நாளை எழுதிப் பார்த்தோம். முடிச்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் தாம்பரம், அங்கிருந்து மின்சார இரயிலில் கிண்டி, அங்கிருந்து நடை. காத்திருப்பதையும் சேர்த்தால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாதம் 26 வேலை நாளுக்கு 78 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாகக் கொண்டால் ஏறத்தாழ பத்து நாள் உழைப்பு வழியிலேயே போகிறது. இதற்கு மேலும் ஒன்றைச் சொன்னார். உடன் வேலை செய்பவர்கள் மிகைநேர வேலையில் மாதம் ரூ. 5,000க்குக் குறையாமல் பெற்று வந்தார்களாம். இரவில் தாம்பரத்திலிருந்து வண்டி கிடைக்காது என்ற அச்சத்தால் இவர் அதை ஏற்க முடியவில்லை. வெள்ளத்திற்குப் பின் பழவந்தாங்கலில் முதல் மாடியில் ரூ. 11,500 வாடகைக்கு ஒரு சிறு வீட்டுக்கு மாறினார். கிண்டிக்கு இரண்டே நிலையம். வாடகை ரூ. 3,500 கூடிற்று, மிகைநேர வேலையும் கிடைத்தது. பழவந்தாங்கல் என்ற பெயரிலும் ஒரு தாங்கல் இருக்கிறதே என்று நாம் கேட்டோம். இம்முறை இஸ்திரிக்காரரை விசாரித்துவிட்டே வந்ததாகத் தெரிவித்தார்.

வேலையிடத்தை ஒட்டிக் குடியிருப்பதன் அருமையைச் சென்னையைக் கட்டியவர்கள் முன்னமே அறிந்திருந்தனர். அதுவும் நம் நெசவாளரை வைத்தே அறிந்தனர். கும்பினியார் தமக்கு வேண்டிய துணி கோட்டைக்கு அருகிலேயே நெய்யப்பட வேண்டுமென்று கருதி, 1734இல் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது கூவம் ஆற்றின் வளைவில், சுங்குராமச் செட்டியின் தோட்டமாயிருந்த இடத்தில், நூற்போரையும் நெய்வோரையும் துணி வெளுப்போரையும் குடியமர்த்தினர். மரநிழலும் ஆற்றுநீரும் தொழிலுக்குத் தேவை என்று பார்த்தே இடத்தைத் தேர்ந்தனர். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டையும் அதற்குச் சற்று முற்பட்டு, காலெட் என்ற கவர்னரின் பெயரால் நெசவாளருக்கு அமைந்த ஊரே. கும்பினியாரின் நோக்கம் தம் வியாபாரம். அதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் உழைப்பவன் நேரத்தின் விலையை அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

இக்கணக்கில் நாமும் ஒருகாலத்தில் தவறியவர்களே. பட்டம் பெற்ற புதிதில் பயிற்சிக்காகச் சென்னை சென்றபோது, வாடகை குறைவென்று ஆவடியில் அறை எடுத்துச் சேப்பாக்கத்திற்குப் போய் வந்தோம். மூன்றாம் மாதத்தில், சென்ட்ரல் நிலையத்திலிருந்து பூங்கா நகர் நிலையத்திற்குத் தினமும் ஓடியே பாதி உடம்பு இளைத்துவிட்டது என்று வீட்டார் கூறினர். பயிற்சி வகுப்பில் தூங்கியதை மேலதிகாரிகள் மன்னித்தார்கள்.

ஊர்க்காரர் இருக்கும் இடத்திலேயே வீடு பார்ப்பது நம்மவர் வழக்கம். இதில் நன்மை உண்டு. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஒருவர் இருப்பார். ஆனால் முடிச்சூரைச் சொல்லிக் கொடுத்ததும் ஊர்க்காரர் ஒருவரே. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேலை ஒரகடத்தில். அவருக்கு அது ஏற்ற இடந்தான். மாடி வீட்டில் இருந்தமையால் வெள்ளமும் அவரை அவ்வளவாக வருத்தவில்லை. தமக்குப் பொருந்தியதை அன்பினால் பிறருக்கும் சொன்னார். ஊர்க்காரரின் யோசனையைக் கேட்கும்போது அவர் எங்கே வேலைக்குப் போகிறார், எந்த மாடியில் இருக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் வீடே பார்க்க வேண்டாம் என்கிறோம். விடுதியில் தங்கட்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எத்தனையோ தலைமுறை இளைஞர்கள் தங்கித் தேறியிருக்கிறார்கள். நம் இயக்கத்தின் மூத்த சங்கங்களுள் ஒன்றாகிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தோன்றியதும் அந்தப் பேட்டையில்தான். பெண்களுக்குத் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு முதலிய இடங்களில் ‘தோழி’ என்ற பெயரில் அரசு நிறுவனத்தின் விடுதிகள் நடைபெறுகின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு மாதம் இவ்வாறு தங்கி, வேலை நிலைக்குமா, இரவு முறை உண்டா, எந்த இரயில் எந்த நேரத்தில் நெரிகிறது என்று அறிந்த பின் வீடு தேடுவதே முறை. தாயார் ஒரு மாதம் கழித்துப் போனால் குறைந்து போவது ஒன்றுமில்லை.

வீடு எடுக்கும்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை பற்றிய 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதையும் அது கட்டாயமாக்கியுள்ளது. இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்பினால் அன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் கூறுகிறது. வேறு விதமாக ஒப்பினால் என்ற அந்த வாசலின் வழியாகவே பத்து மாத வழக்கம் உயிர் வாழ்கிறது என்பதை அறிவோம். ஆயினும் சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் பத்து ஐந்தாகிய சந்தர்ப்பங்களை நாம் கண்டிருக்கிறோம். காலி செய்யும்போது எவை எவை கழிக்கப்படும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சென்னையில் வேலை பார்க்கும் அங்கத்தினர் பிள்ளைகளின் பெயர், வேலையிடம், குடியிருக்கும் தெரு, மாடி, வாடகை, முன்பணம், சென்ற மழையில் தெரு எப்படி இருந்தது ஆகியவற்றை அவரவர் சம்மதத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்துப் போகும் பிள்ளைக்கு ஒருவரை அன்றிப் பதினைந்து பேரைக் கேட்டது போலாகும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டா. பொதுக்குழுத் தீர்மானங்கூட வேண்டா. நகைக் கடன் கேட்டு வருபவரிடம் காரணம் விசாரிப்பது வரம்பு மீறல் என்று ஒரு சங்கத் தலைவர் நம்மிடம் வாதிட்டார். ஈடு சரியாக இருந்தால் கடன் கொடுக்க வேண்டியதே என்பதை ஒப்புகிறோம். ஆனால் பட்டணத்து முன்பணத்திற்காகத் தாலிச் சங்கிலியை மேசை மீது வைக்கும் ஓர் அம்மையாரிடம், “மழையில் பார்த்தீர்களா அம்மா?” என்று கேட்பது எந்த விதிக்கும் முரணாகாது.

நாம் பார்வையிட்ட சங்கத்தின் செயலாளர் அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுவிட்டார். முதல் வரியில் பழவந்தாங்கல் வீடு பதிவாகியிருக்கிறது. அந்த அங்கத்தினரின் இனம் ஏல அறிவிப்புக்கு உரியது. விதிப்படி அறிவிப்பு அனுப்பச் சொல்லிவிட்டே வந்தோம். மகன் இம்மாதம் முதல் ரூ. 4,000 வீதம் சங்கத்திற்கு நேரே அனுப்புவதாக எழுதியிருக்கிறார். முதல் தொகை வந்து வரவாகியுள்ளது. வளையல்களை விட்டாலும் சங்கிலியை மட்டும் தைக்குள் மீட்டுவிட வேண்டும் என்பது அவருடைய தாயாரின் கணக்கு.