கேமராவைத் தாண்டிய பிறகு

2026ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் சிங்கப்பூரில், வேக வரம்பை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்படாமல் மீறுகிற கார் ஓட்டுநருக்கான அபராதம் 150 வெள்ளியிலிருந்து 200 வெள்ளியாகவும், அவர் பெயரில் ஏறும் குற்றப்புள்ளிகள் நான்கிலிருந்து ஆறாகவும் உயர்ந்திருக்கின்றன. அதற்கும் மேலே பறப்பவர்களுக்குத் தண்டனையும் அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது. 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் நிறுத்திவைக்கப்படும் என்ற பழைய விதியோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், முன்பு ஆறு முறை அகப்பட்டால் பறிபோன உரிமம் இனி நான்காம் முறையிலேயே போய்விடும் என்று கணக்குச் சொல்கிறது. தெம்பனிஸ் காப்பிக்கடைகளில் இதைப் பற்றி எழும் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. இப்படி இறுக்கினால்தான் அடங்குவார்கள் என்பார்கள் ஒரு சாரார். அரசாங்கத்துக்கு வருமானம், நமக்குத் தொந்தரவு, சாகிறவன் செத்துக்கொண்டேதான் இருப்பான் என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டென்று சொல்லி நழுவிக்கொள்வது பத்திரிகைகளில் எழுதுகிற எங்களுக்கெல்லாம் கைவந்த வித்தை. இம்முறை நான் நழுவப்போவதில்லை. வேக வரம்பைக் கண்டிப்பாக அமல்படுத்துவது உயிர்களைக் காக்கிறது என்பதே என் துணிபு. ஆனால் அந்தக் கண்டிப்பை நாம் அபராதச் சீட்டின் தொகையில் தேடிக்கொண்டிருக்கிறோம். அங்கே அது சொற்பமாகத்தான் கிடைக்கும். வரம்பை மீறினால் பிடிபடுவது நிச்சயம் என்ற உணர்விலும், ஓட்டுகிறவனுக்கு முன்னால் நீண்டு கிடக்கும் சாலையின் அமைப்பிலுமே அதன் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டு விவாதமன்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி காலை 7 மணியளவில், பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் புறப்படுகிற அந்த நேரத்தில், தெம்பனிஸ் அவென்யூ 1உம் அவென்யூ 4உம் சந்திக்கும் இடத்தில் ஆறு வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தன. 17 வயது மாணவி ஒருவரும், 57 வயது அம்மையார் ஒருவரும் உயிரிழந்தனர். அந்த வழக்கின் விவரங்களுக்குள் நான் புகவில்லை. விபத்துக்குப் பிறகு பல மாதங்கள், அந்தச் சந்திப்பில் விளக்கு பச்சையாக மாறிய பின்னும் ஒரு கணம் தயங்கி, இருபுறமும் பார்த்து, அதன் பிறகே வண்டியை நகர்த்துகிற பழக்கம் இங்குள்ளவர்களிடம் காணப்பட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். தீவு முழுவதற்கும் அந்த ஆண்டில் சாலையில் மாண்டவர்கள் 142 பேர். அதற்கு முந்திய ஆண்டில் 136 பேர். இந்தியாவில் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் சாலையில் போகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவருக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயினும் குறைந்துகொண்டே வர வேண்டிய எண் ஏறத் தொடங்கினால், கவலைப்படுவதற்கு அதுவே போதும்.

வேகம் என்ன செய்கிறது என்பதைச் சிறிது நிதானமாகப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் நகர்கிறது. சாலையில் ஒரு குழந்தை இறங்குவதைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், அந்த 14 மீட்டரும் பிரேக் இல்லாமலே கழிந்துவிடுகின்றன. பிறகு உலர்ந்த சாலையில் மேலும் 14 மீட்டரில் வண்டி நிற்கும். ஆக 28 மீட்டர். அதே இடத்தில், அதே கணத்தில் அதே குழந்தையைப் பார்த்த இன்னொருவர் 70இல் வந்துகொண்டிருந்தால், முதல் வண்டி நின்றுவிட்ட அந்த 28ஆவது மீட்டரில் அவருடைய வண்டி இன்னும் ஏறக்குறைய 58 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 100இல் வருகிறவரோ, அந்த இடத்தை எட்டும்போதுதான் பிரேக்கின்மேல் கால் வைக்கத் தொடங்குவார். 20 கிலோமீட்டர்தானே கூட என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற வித்தியாசம், முன்னதில் குழந்தையின் தாய் திட்டிவிட்டுப் போவதற்கும், பின்னதில் ஆம்புலன்ஸ் வருவதற்கும் உள்ள வித்தியாசமாகிறது. சுவீடனைச் சேர்ந்த யோரன் நில்சன் என்ற ஆய்வாளர், சாலையில் சராசரி வேகம் 5 விழுக்காடு கூடினால் உயிர்ச்சேத விபத்துகள் 20 விழுக்காடு அளவுக்குக் கூடும் என்று வகுத்த விதி, பிற்காலத்தில் சிற்சில திருத்தங்களோடு இன்றும் ஆய்வாளர்களிடையே வழங்கிவருகிறது.

ஆகவே வேகம் குறைந்தால் சாவு குறையும் என்பதில் சந்தேகமில்லை. அபராதமும் கேமராவும் வேகத்தைக் குறைக்கின்றனவா என்பதே கேள்வி. பிரான்ஸ் தேசத்தில் 2002இல் சாலை விபத்தில் மாண்டவர்கள் 7,000க்கு மேல். 2003இன் பிற்பகுதியில் தானியங்கி வேகக் கேமராக்கள் நாடெங்கும் நிறுவப்படத் தொடங்கி, 2006க்குள் அந்த எண் 5,000க்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த இறக்கம் முழுவதையும் கேமராவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவோர்மீதும் அப்போது கெடுபிடி கூடியது. எனினும் உலகெங்கும் நடந்த 35 ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, கேமரா உள்ள இடங்களின் சுற்றுப்புறத்தில் விபத்துகள் 8 முதல் 49 விழுக்காடு வரை குறைந்திருந்தன என்று காட்டியது. எட்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் இடையே எவ்வளவு பெரிய இடைவெளி! ஒரே கருவி ஓரிடத்தில் பெயருக்குப் பயன்பட்டு, வேறோரிடத்தில் பாதி விபத்தைத் தடுத்திருக்கிறதென்றால், பலன் கருவியைவிட அதை வைத்த விதத்தைப் பொறுத்ததென்றே கொள்ள வேண்டும்.

அது எப்படி என்பதை அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் முதல், சிவப்பு விளக்கை மீறுவோரைப் படமெடுக்க நிறுவப்பட்டிருந்த கேமராக்களில் வேகத்தை அளக்கும் பணியையும் போக்குவரத்துப் போலீஸ் படிப்படியாக முடுக்கிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு சந்திப்புக்குச் சற்றுத் தள்ளிப் பாதசாரிகளுக்கான மேம்பாலத்தின்மீது மாலையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். கேமராவுக்கு நூறு மீட்டருக்கு முன்பே வண்டிகளின் பின்விளக்குகள் வரிசையாகச் சிவக்கின்றன. சந்திப்பைக் கடக்கும் வரை யாவரும் பரம சாதுக்கள். கடந்து பேருந்து நிறுத்தத்தை எட்டுவதற்குள் என்ஜின்களின் சப்தம் ஒன்றன்பின் ஒன்றாக உயர்கிறது. கேமராக்கள் இருக்கும் இடங்களைப் போலீசே பட்டியலிட்டு வெளியிடுகிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளும் சிரமத்தைக் கைப்பேசிச் செயலிகள் ஏற்றுக்கொண்டு, நெருங்கும்போதே மணியடித்துச் சொல்லிவிடுகின்றன. பட்டியலை மறைத்துவிட வேண்டும் என்பது என் கட்சியன்று. ஆபத்தான அந்த ஒரு சந்திப்பிலாவது எல்லாரும் மெதுவாகப் போனால் அதுவும் லாபமே. ஆனால் அந்தச் சாந்தம் நூறு மீட்டர் தூரத்துக்கு மட்டும் வாங்கப்பட்ட சாந்தம்.

இதற்கு இன்னும் பெரிய சாட்சியம் வேண்டுமானால், பள்ளி விடுமுறையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போகிற நம்மவர்களைக் கவனிக்கலாம். தீவு விரைவுச்சாலையில் முள்ளைப் பார்த்துப் பார்த்து அளந்து ஓட்டுகிற அதே குடும்பஸ்தர், ஜொகூர் பாருவைக் கடந்து மலேசியாவின் வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் ஏறியவுடன், அங்குள்ள 110 கிலோமீட்டர் வரம்பை ஒரு யோசனையாக மட்டும் பாவிக்கத் தொடங்கிவிடுகிறார். மனிதர் மாறவில்லை, வண்டி மாறவில்லை, பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளும் மாறவில்லை. அகப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே மாறியது. கண்டிப்பு பயன் தருவதற்கும், அந்தப் பயன் நமது குணத்துக்குள் இறங்காமலே நிற்பதற்கும் இதைவிட நல்ல பிரமாணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால், எதிர்பார்ப்பு ஓரிடத்தில் திரண்டு நில்லாமல் சாலை நெடுகிலும் பரவி நிற்கும்படி செய்தால் என்ன? சாங்கி விமான நிலையத்துக்கு அருகே, தெம்பனிஸிலிருந்து வெகு தூரமில்லாத தானா மேரா கோஸ்ட் ரோட்டில் 2018 டிசம்பர் முதல் அப்படித்தான் நடக்கிறது. அங்கே ஒரு கேமரா வண்டி நுழைந்த நேரத்தையும், இன்னொன்று வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொள்ள, இடைப்பட்ட தூரத்தின் சராசரி வேகமே கணக்கிடப்படுகிறது. ஆகவே கேமராவுக்கு முன்னால் பிரேக் அடிப்பதால் அணுவளவும் பயனில்லை. நார்வேயிலும் இவ்வகைக் கேமராக்கள் வைத்த சாலைகளில் இறப்பும் படுகாயமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அபராதத் தொகையை 50 வெள்ளி உயர்த்துவதற்குச் செலவழித்த யோசனையில் பாதியை இந்த முறையைப் பரப்புவதில் செலவழித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்தக் கெடுபிடிக்கும் அடங்காத ஒரு சிறு கூட்டம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 மே 12ஆம் தேதி அதிகாலையில் ரோச்சோர் ரோடும் விக்டோரியா ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில், ஒரு ஃபெராரி கார் சிவப்பு விளக்கைக் கடந்து மணிக்கு 178 கிலோமீட்டர் வேகத்தில் டாக்சியொன்றின்மீது மோதியதில், அதை ஓட்டிவந்தவரோடு டாக்சி ஓட்டுநரும் பயணியும் மாண்டனர். அந்த வேளையில் அந்த வேகத்தில் போகிறவன் 150 வெள்ளியையோ 200 வெள்ளியையோ எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். சிறைத் தண்டனையையும் எண்ணியிருப்பானா என்பது ஐயமே. ஆபத்தாக ஓட்டி உயிர்ச்சேதம் விளைவிப்போருக்கு 2019இல் கொண்டுவரப்பட்ட கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையை, முதல் முறை குற்றம் புரிந்தவர்கள் விஷயத்தில் 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நீக்கியபோது சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது விவேகமான செயலாகவே பட்டது. நடந்து முடிந்த அநியாயத்துக்கு நியாயம் வழங்குவது நீதிபதியின் வேலை. மறுநாள் காலையில் அவென்யூ 1இல் வரப்போகிற வண்டியை மெதுவாக்குவது அந்தத் தீர்ப்பால் ஆகிற காரியமன்று.

அது சாலையால் ஆகும். தெம்பனிஸ் ஒழுங்காகத் திட்டமிடப்பட்ட நகரம்; 1992இல் உலக வாழிட விருது பெற்ற நகரம். அதன் அவென்யூக்களோ அகன்று, நேராக, இருபுறமும் மழைமரங்கள் கவிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் தடையின்றிக் கிடக்கின்றன. இரவு பத்து மணிக்கு அப்படியொரு வெறுஞ்சாலையை ஒருவன்முன் விரித்துவைத்து, ஓரத்தில் ஒரு கம்பத்தில் 50 என்று எழுதி மாட்டுவது, விருந்துக்கு இலை போட்டுவிட்டு விரதம் இருக்கச் சொல்வதைப் போன்றது. இதற்கு மாறாக லிட்டில் இந்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டியோட்டிப் போனவர்களைக் கேளுங்கள். பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கூடைகளையும், டன்லப் ஸ்திரீட்டின் குறுகலையும், எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் சாலையில் இறங்கத் தயாராக நிற்கும் ஜனத்திரளையும் தாண்டி 20 கிலோமீட்டரில் போனாலே அது சாமர்த்தியம். அங்கே வேகத்தை அடக்குவதற்குக் கேமரா தேவைப்படவில்லை.

நெரிசலைத்தான் எல்லா ஊர்களுக்கும் வழங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை; அதைப் போன்ற தயக்கத்தை ஓட்டுநரின் மனத்தில் உண்டாக்குகிற உபாயங்கள் இருக்கின்றன. முதியவர்கள் மிகுந்த பகுதிகளில் 2014 முதல் அமைக்கப்பட்டுவரும் சில்வர் ஸோன்களில் தடங்கள் குறுக்கப்பட்டு, நேர்ச்சாலை வேண்டுமென்றே வளைக்கப்பட்டு, நடுவில் முதியவர் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு திட்டும் கட்டப்படுகிறது. வேலை முடிந்த இடங்களில் முதிய பாதசாரிகள் சிக்கிய விபத்துகள் முக்கால் பங்குக்குக் குறையாமல் இறங்கியதாக நிலப் போக்குவரத்து ஆணையம் தெரிவித்திருக்கிறது. எந்த அபராத உயர்வும் இத்தகைய பலனைத் தந்ததாக நான் படித்ததில்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட, நடப்பவர்களுக்கு முதலிடம் தரும் வீதித் திட்டத்தின் முதல் ஐந்து நகர்களில் தெம்பனிஸும் ஒன்று. உயர்த்திக் கட்டிய வரிக்கோட்டுக் கடவையும், பச்சை மனிதன் கூடுதல் நேரம் எரிகிற விளக்கும் அதன் அம்சங்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரம், பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வரம்பை 30 ஆக்கி, தெருக்களையும் அதற்கேற்பக் குறுக்கி, கேமராக்களையும் வைத்து, 2025 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் ஒரு சாலை மரணமும் இல்லாமல் கழித்தது. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் மூன்றும் கூடி வேலை செய்ததே அங்கு விசேஷம்.

நம் தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். லாரியின் பின்தட்டில், இருக்கை வாரும் இல்லாமல், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிற ஊழியர்களுக்கு, ஓட்டுநரின் வேகம் அவர்கள் கையில் இல்லாத விதி. 3,501 முதல் 12,000 கிலோகிராம் வரை எடையுள்ள லாரிகளில், வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டாதபடி தடுக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற கட்டளை இப்போது கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. இதை முதலாளிகள் செலவென்று கருதித் தள்ளிப்போடுவதைக் கண்டிப்போடு தடுப்பதே, என் கணிப்பில், கண்டிப்பு காட்ட வேண்டிய முதல் இடம். பல வேளைகளில் அவசரம் ஓட்டுநருடையதன்று, வேலை முடிய வேண்டிய நேரத்தை நிர்ணயித்தவருடையது. கருவி அந்த அவசரத்தையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது.

எஞ்சிய ஆட்சேபங்கள் சிறியவை. அபராதம் அரசாங்கத்தின் பொது நிதிக்குப் போகிறது. போலீஸ்காரரின் பைக்குப் போவதில்லை. வேகமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சாலையை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவருக்கு, பத்து வருஷம் ஓட்டியவரின் காலுக்கு 50 எதுவென்று தெரியும் என்பதே பதில். ஆனால் ‘வருமானத்துக்காகத்தான்’ என்ற அவநம்பிக்கையை இளப்பமாக எண்ணிவிடலாகாது. அது முற்றியபோது பிரான்ஸில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். 2018ஆம் ஆண்டின் கடைசியில் மஞ்சள் அங்கிப் போராட்டக்காரர்கள் கிளம்பியபோது நாட்டின் வேகக் கேமராக்களில் பாதிக்கு மேற்பட்டவை உடைக்கப்பட்டோ சாயம் பூசப்பட்டோ போயின. நமது போக்குவரத்துப் போலீஸ் ஆண்டறிக்கையில் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்ற எண்ணிக்கை தவறாமல் வருகிறது. கேமரா வைப்பதற்கு முன் அந்தச் சாலையின் சராசரி வேகம் என்ன, வைத்த பின் என்ன, கேமராவைத் தாண்டி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் என்ன என்ற மூன்று எண்களை, அவென்யூ வாரியாக, அதே அறிக்கையில் அச்சிட்டால் காப்பிக்கடையின் இரண்டு கட்சியினருக்கும் பேசுவதற்கு ஆதாரம் கிடைக்கும்; தெம்பனிஸ் அவென்யூ 1இலிருந்தே அதைத் தொடங்கலாம்.